எறும்பு ஊசி

மக்கீன் ஐயாவை எங்கள் தோட்டத்தை விட்டு மாற்றும்படி கேட்கும் மனுவை எழுதியது நான்தான்.

அப்பா ஏழுமலை, தோட்டத்துச் சங்கத் தலைவர். சங்கத்துக் கடிதங்களை எழுதுவது இரண்டு வருடமாக என் வேலை. கேகாலை டவுனில் சித்தப்பா வீட்டில் தங்கிப் பத்தாம் வகுப்புவரை படித்தவள் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் நான் ஒருத்திதான். மனுவுக்கு இரண்டு பின்னேரங்கள் எடுத்துக்கொண்டேன். "உயிர்கள் துடித்தபோது கையில் மருந்தை வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்த மனிதர்" என்று ஒரு வரி வந்தது. அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ரம்புக்கனை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மீராசாஹிப் நானாவின் பழைய பேப்பர் கடையில் நான் வாங்கிவரும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். பனியும் குதிரை வண்டியுமாக இருக்கும் அந்த ஊர்களில், நிறைந்த சபையில் ஒருவன் எழுந்து நின்று குற்றவாளி நான்தான் என்பான். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

மனுவில் நான் எழுதிய வரி யாருக்குப் பொருந்தும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

அதற்கு ஒரு வருடத்துக்கு முன், எழுபத்து நாலாம் ஆண்டு வைகாசி மழை தொடங்கிய வாரத்தில், சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி பரவுகிறது என்று கேகாலையிலிருந்து செய்தி வந்தது. ஐஸ் போட்ட பெட்டியில் கொலரா ஊசி மருந்தும் வந்தது. தோட்டத்தில் பாதிப் பேருக்குத்தான் காணும். மிச்சம் இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள்.

மக்கீன் ஐயா தோட்டத்து டிஸ்பென்சரியில் பதினொரு வருடமாக இருப்பவர். மாவனல்லைக்காரர். சைக்கிளில் கறுப்புப் பெட்டியைக் கட்டிக்கொண்டு லயம் லயமாக வருவார். பெட்டி வந்த அன்று பின்னேரம் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கு வந்து, மறுநாள் தோட்டக் கமிட்டியில் தான் என்ன சொல்லப்போகிறார் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொன்னார். முதலில் ஆற்று லயத்துக்குத்தான் போட வேண்டும். அவர்கள் குடிப்பது ஓடைத் தண்ணீர். மேலே இரண்டு லயத்துக் கழிவும் அந்த ஓடையில்தான் போய் விழுகிறது. நோய் வந்தால் முதலில் அங்கேதான் வரும். மேல் லயத்தில் இருக்கும் எங்களுக்கு ஊற்றிலிருந்து பீலியில் வரும் தண்ணீர் இருக்கிறது, இரண்டு வாரம் பொறுக்கலாம்.

அப்பா தலையை ஆட்டினார். ஐயா போனதும் அம்மா மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நமக்கு மிஞ்சுமா?"

அடுத்த பெட்டி வரும் என்று சொன்னால் வராது என்பது அந்த வருடம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கோதுமை மாவும் அப்படித்தான் வரும் வரும் என்று வராமலே இருந்தது. மடியில் இருந்த புத்தகத்தை மூடிவிட்டு நான் சொன்னேன்.

"செக்ரோல் வரிசைப்படி போடலாமேப்பா. அரிசி, மா, கம்பளி எல்லாம் அப்படித்தானே குடுக்குறாங்க. அப்படின்னா யாரும் குத்தம் சொல்ல முடியாதுல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "படிச்ச புள்ள, பாத்தியா" என்றார். அந்த முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

செக்ரோல் என்பது தோட்டத்தில் வேலைக்காரர்களின் பெயர் பதிந்த புத்தகம். அதில் பெயர் இருந்தால்தான் ஒருவருக்கு அரிசி உண்டு, காம்பரா உண்டு, செத்தால் பெட்டிக்குப் பலகை உண்டு. ஆற்று லயத்துக்காரர்களுக்கு அதில் பெயர் இல்லை. முந்தின வருடம் கொடகவெல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை நின்றுபோய், பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். வேலை இருக்கும் நாளில் கூப்பிட்டு அன்றன்றைக்குக் கூலி கொடுத்து அனுப்பும் ஆட்கள். கைக்காசு ஆட்கள் என்போம். கூப்பிடுவதும் கூப்பிடாமல் விடுவதும் ஐயாவு கங்காணியும் அப்பாவும் சொல்வதைப் பொறுத்தது. பதினான்கு காம்பராக்களில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். இதெல்லாம் தெரிந்துதான் நான் அந்த யோசனையைச் சொன்னேனா என்று கேட்டால், தெரிந்துதான் சொன்னேன். ஆனால் நியாயமான ஒன்றைச் சொல்வதாகத்தான் எனக்கு அப்போது தோன்றியது. வார்த்தைகள் அவ்வளவு சுத்தமாக வந்து விழுந்தன.

மறுநாள் கமிட்டியில் நான்கு பேர்: மக்கீன் ஐயா, அப்பா, ஐயாவு கங்காணி, பெரிய கிளாக்கர். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதினேன். மக்கீன் ஐயா ஆற்று லயத்தைச் சொன்னார். அப்பா செக்ரோலைச் சொன்னார், நான் சொன்ன அதே வார்த்தைகளில். கிளாக்கருக்கு உடனே பிடித்துப்போயிற்று. பெயரில்லாதவனுக்கு முதலில் போட்டால் பெயருள்ளவன் தன்னைப் பெரட்டுக் களத்தில் நிற்க விடமாட்டான் என்றார் கங்காணி. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுப்பது அந்தக் களத்தில்தான்.

"நோவு செக்ரோல் பாத்து வாறதில்ல தலைவர்" என்றார் மக்கீன் ஐயா.

மற்ற மூவரும் செக்ரோலில்தான் நின்றார்கள். அவர், "சரி, எழுதுங்க" என்றார்.

எழுதினேன். செக்ரோலில் பெயருள்ளவர்களுக்கும் அவர்களுடைய பதினாறு வயதுவரையிலான பிள்ளைகளுக்கும் முதலில் போடுவது என்று மருந்து அதிகாரி முன்னிலையில் தீர்மானம். முதல் கையெழுத்து அவருடையது. ஆற்று லயத்தைப் பற்றி அவர் பேசியதை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

ஊசி போட்டது பெரட்டுக் களத்தில். நான் மேசையில் பெயர் எழுதினேன். அடுத்தடுத்துக் கைகள் வந்தன. ரப்பர் பால் வெட்டிக் காய்த்துப்போன கைகள். கங்காணி ஒவ்வொருவரையும் கிண்டல் செய்துகொண்டிருந்தார், தன் முறை வந்தபோது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் ஆற்று லயத்துச் சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் இலட்சுமி. இடுப்பில் அவளுடைய நாலு வயது மகள். பெரிய மனுஷி மாதிரி அதற்குத் தங்கம்மா என்று பெயர். பகலில் குழந்தைகளை வைத்துப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவுக்கு நான் போகும் நாட்களில் என் புத்தகத்தைப் பிடுங்கி, படிக்கத் தெரிந்தவள் போலப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்.

பட்டியல் முடிந்தபோது மதியம் தாண்டிவிட்டது. மக்கீன் ஐயா கடைசிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஒராளுக்கு ஈக்கு. சின்னப் புள்ளயள் எண்டா ரெண்டு பேருக்குக் காணும். தொறந்த குப்பி, நாளைக்கு உதவாது. யாரயாச்சும் கூப்பிடு மகள்."

சொல்லிவிட்டு ஊசியைக் கொதிக்க வைக்க ஸ்பிரிட் அடுப்புப் பக்கம் திரும்பினார். வேலி பத்து எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. இலட்சுமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை, கையை நீட்டவில்லை. ஒருத்தியைக் கூப்பிட்டால் அறுபது பேரும் உள்ளே வந்துவிடுவார்கள், சண்டை வரும் என்று நினைத்ததாகப் பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படி ஒன்றும் நினைக்கவில்லை. பதினாறு வயதுக்கு மேல் ஆகியும் வேலைக்குப் போகாத என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. ஐயா ஊசியோடு திரும்பியபோது என் சட்டைக் கை மடிந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்த மனிதர். என் கையில் குத்தினார்.

"அக்கா, வலிக்குதா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து தங்கம்மா கேட்டது.

"இல்லடி. எறும்பு கடிச்ச மாதிரி" என்றேன். அது சிரித்தது.

பன்னிரண்டாவது நாள் ஆற்று லயத்தில் நோய் வந்தது. அடுத்த பெட்டி வந்தபோது ஐந்து வாரம் ஆகியிருந்தது. இடையில் மூன்று பேர் போனார்கள். ஒரு கிழவர், புதிதாகக் கல்யாணமான ஒரு பையன், தங்கம்மா. தங்கம்மா கேகாலைக்குப் போகும் வழியில் தோட்டத்து லொறியிலேயே போய்விட்டது. மக்கீன் ஐயா எட்டு நாள் அந்த லயத்தை விட்டு நகரவில்லை. கூரை வளையில் சேலைன் போத்தல்களைக் கட்டித் தொங்கவிட்டு, பீப்பாயில் தண்ணீர் கொதிக்க வைத்து, பிழைத்தவர்களைப் பிழைக்க வைத்தது அவர்தான். மேல் லயத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் பேச்சுத் தொடங்கியது. குளிக்கும் பீலியிலும் ரப்பர் ஸ்டோரில் பால் நிறுக்கும் வரிசையிலும் வருடம் முழுக்க அதே பேச்சு. அப்படிச் செய்திருக்கலாம், இப்படிச் செய்திருக்கலாம் என்று. மேல் லயத்துக்காரர்கள்தான் அதிகம் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் தான் அன்றைக்கே வேறு விதமாக நினைத்ததாக ஞாபகம் வந்தது. பேச்சு எங்கே தொடங்கினாலும் முடிகிற இடம் மக்கீன் ஐயாதான். மருந்து அவர் கையில் இருந்தது, கையெழுத்து அவருடையது, தோட்டத்தில் அவருக்கு ஒரு சொந்தமும் இல்லை. அப்பா எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பார். நானும் அப்படித்தான்.

எழுபத்தைந்தில் தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது. புதிய துரையாக வந்த சிங்கள மாத்தயா, குறை இருந்தால் எழுத்தில் கொடுக்கச் சொன்னார். மறுபடி வைகாசி. மறுபடி ஊசிப் பெட்டி வரப்போகிறது என்று கேகாலையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். மக்கீன் கையால் இனி ஊசி போட்டுக்கொள்ள மாட்டோம் என்று சிலர் சொல்ல, சங்கத்தில் மனுக் கொடுப்பது என்று முடிவாயிற்று. முதல் கைநாட்டு இலட்சுமியுடையதாக இருக்க வேண்டும், பிள்ளையைக் கொடுத்தவள் அவள்தானே என்றார் கங்காணி.

கூட்டம் பிள்ளைக் காம்பராவில் நடந்தது, பின்னேரம் நாலு மணிக்கு. தொட்டில் சேலைகளைச் சுருட்டி வளையில் போட்டுவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ஆற்று லயத்துக்காரர்கள் வாசல் ஓரம். மக்கீன் ஐயாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அது மரியாதையா, கூண்டா என்று சொல்ல முடியாதபடி எல்லோருக்கும் நடுவில் இருந்தது.

மனுவைப் படிக்கச் சொன்னார்கள். என் குரல் நன்றாக எடுபட்டது. கணக்குப் பார்த்த மனிதர் என்ற வரி வந்தபோது பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். ஐயா தன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

பிறகு விவாதம். ஆளுக்குப் பாதி பாதியாக எல்லோருக்கும் போட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பாதி போட்டால் யாருக்கும் வேலை செய்யாது என்றார் ஐயா. முழுதாகப் போட்டாலும் நூற்றுக்கு ஐம்பது பேருக்குத்தான் வேலை செய்யும், அதுவும் சில மாதம்தான். அப்படியென்றால் எதற்குப் போட்டீர்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஐம்பது பேருக்காக என்றார் அவர். பிள்ளைகளுக்கு மட்டும் போட்டிருக்கலாம் என்றாள் ஒருத்தி. வேலைக்காரன் படுத்தால் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்று அவள் புருஷனே அவளை மடக்கினான். ஓடையை அடைத்து, கீழே பீலி இழுத்திருந்தால் ஊசியே வேண்டியிருந்திருக்காது என்றார் இன்னொருவர். அதைப் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதாக ஐயா சொன்னார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி அவர் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. அதற்கு வாசல் ஓரத்திலிருந்த ஆற்று லயத்துக் கிழவி ஒருத்தி வாய் திறந்தாள்.

"சொன்னாரு, சொன்னாரு. உள்ள போடுறதுக்கு அரிசி இல்லாம வெறுந்தண்ணியக் கொதிக்க வச்சா, புள்ளைங்க சட்டியச் சுத்தி வந்து உக்காந்துக்குதுங்க. அதப் பாக்கவா?"

சத்தமே இல்லாமல் இருப்பது கங்காணிக்கு ஆகாது. ரப்பர் ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவன் பக்கம் திரும்பினார்.

"நீ எதுக்குடா முன்னால ஒக்காந்திருக்க? அன்னிக்கு ஊசின்னதும் கக்கூசுக்குள்ள போயி தாப்பாப் போட்டவன்தானே?"

சிரித்தார்கள். ஐயாகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், செக்ரோல்படி என்று முடிவு செய்தது யார் என்று யாரோ கேட்டார்கள். கிளாக்கர் கூட்டத்துக்கு வரவில்லை. கங்காணி கூரையைப் பார்த்தார். கூட்டக் குறிப்பைப் படிக்கச் சொன்னார் அப்பா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். படித்தேன். மருந்து அதிகாரி முன்னிலையில் தீர்மானம். முதல் கையெழுத்து மக்கீன்.

"அது போதும்ல" என்றார் ஒருவர்.

மக்கீன் ஐயா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். நோவு செக்ரோல் பார்த்து வருவதில்லை என்று அன்று சொன்னதை இப்போது சொன்னால் போதும். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். "நான்தான் ஒப்பம் வச்சன்" என்று மட்டும் சொன்னார் ஐயா.

மைப் பெட்டியை எடுத்துக்கொண்டு கங்காணி இலட்சுமியிடம் போனார். அவள் பெருவிரலை நீட்டவில்லை. பெட்டியை ஒரு விரலால் மெல்லத் தள்ளிவிட்டாள்.

"ஐயா மேல எனக்குக் கொறையில்லீங்க. எட்டு நாளு எங்களோட கெடந்தாரு."

கங்காணி சமாதானம் சொல்லத் தொடங்கினார். அவள் அவரைக் கடந்து ஐயாவிடம் பேசினாள்.

"அன்னிக்குக் கடசில ஒரு ஊசி மீந்துச்சுல்லீங்கய்யா. அத யாருக்குப் போட்டீங்க? அத மட்டும் சொல்லுங்க."

எல்லோரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா தொப்பியை எடுத்து, உள்பக்கத்தைப் பார்த்து, மறுபடி முழங்காலில் வைத்தார்.

"ஞாபகம் இல்ல புள்ள" என்றார்.

அவருக்கு ஞாபகம் இருந்தது. இலட்சுமிக்கும் பதில் தெரிந்திருந்தது, வேலியில் நின்று பார்த்தவள் அவள்தானே. தலைவர் வீட்டுப் பெண்ணைச் சுட்டிக் காட்டினால் மறுநாள் தன் லயத்துக்கே வேலை இருக்காது என்பதும் தெரிந்திருந்தது. என் கையில் மனு இருந்தது. எழுந்து நின்றேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. எழவில்லை. உட்கார்ந்தபடியே, மனுவைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்குத்தான். கடைசி ஊசி எனக்குத்தான் போட்டாரு. யாரயாச்சும் கூப்பிடச் சொன்னாரு. நான் கூப்பிடல."

மழை பிடிப்பதற்கு முன் வருகிற புழுக்கம் அந்தக் காம்பராவை நிறைத்திருந்தது. நாவல்களில் இதற்குப் பிறகு ஏதாவது நடக்கும். யாராவது மயங்கி விழுவார்கள், யாராவது கல்லை எடுப்பார்கள். இங்கே முதலில் பேசியவர் அப்பா. காலையிலிருந்து மேசைப் பக்கத்தில் நின்று நூறு பேரோடு புழங்கிய பிள்ளை, அதற்கு மட்டும் நோய் ஒட்டாதா என்றார். அது சரிதான் என்றார்கள். எழுதுகிற ஆளுக்குப் போடுவது வழக்கம்தானே என்றார் ஒருவர். அப்படி ஒரு வழக்கம் இருந்ததே இல்லை. சின்னப் பிள்ளை, என்ன தெரியும் என்றாள் எங்கள் பக்கத்துக் காம்பரா அத்தை. எனக்கு அப்போது இருபது வயது. தங்கம்மாவைச் சுமந்தபோது இலட்சுமிக்கும் அந்த வயதுதான் இருந்திருக்கும்.

"கையில இருந்தா யாருதான் விடுவா" என்றார் கங்காணி. அது நகைச்சுவை இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

ஒரு வருடமாக மக்கீன் ஐயாவை மன்னிக்காதவர்கள் என்னை மன்னிக்க எடுத்துக்கொண்டது ஒரு வெற்றிலை போடும் நேரம். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னது இரண்டு குற்றங்களில் சிறியதைத்தான். செக்ரோல் என்ற யோசனை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அப்பாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு ஊசிக்குக் கையை நீட்டியது ஆசை. அந்த யோசனை அறுபது பேருக்குக் கதவைச் சாத்தியது. அதை நான் நிதானமாக, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் செய்தேன்.

இலட்சுமி எழுந்து போனாள். ஆற்று லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியதும் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் தானாகக் கலைந்தது. மனுவைக் கொடுப்பதா வேண்டாமா என்று கடைசிவரை யாரும் முடிவு சொல்லவில்லை. அப்பா அதை என் கையிலிருந்து எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் காலை, எப்போதும் அடுப்புப் பக்கம் வராத அப்பா அடுப்புக்கு முன் குந்தியிருந்தார். என் கையெழுத்து சுருண்டு கறுத்துக்கொண்டிருந்தது. நான் வந்து நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை. இதுவரைக்கும் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

பெட்டி வந்தபோது மக்கீன் ஐயா யாரையும் கேட்கவில்லை, கமிட்டியும் கூடவில்லை. ஒரு மேசையைச் சுமக்க வைத்து ஆற்று லயத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டார். போகிற வழியில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"வா மகள். எழுத ஆள் இல்ல."

என்னால் முடியாது என்றேன். கேட்டது போலவே காட்டிக்கொள்ளாமல் அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கீழே போனதும், இந்தத் தடவை செக்ரோல் இல்லை, முதல் காம்பராவிலிருந்து வீட்டில் இருக்கிற எல்லோரையும் எழுது என்றார். என்னை யாரும் ஏசவில்லை. ஒரு பெண் உட்காரப் பலகை கொண்டுவந்து போட்டாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இலட்சுமி ஐந்தாவதாக வந்தாள். அவள் பெயரைக் கேட்காமலே எழுதினேன். ஐயா பஞ்சால் அவள் கையைத் துடைத்தார். அவள் ஊசியைப் பார்க்கவில்லை.

"தங்கச்சி, அன்னிக்கு ஒங்களுக்கு வலிச்சுச்சா?"

"ரெண்டு நாள் கையத் தூக்க முடியலக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஏதோ ஒரு கணக்குச் சரியாகிவிட்டது போல.

"எறும்பு கடிச்ச மாதிரின்னு சொன்னீங்க. டிஸ்பென்சரி வாசலக் கண்டாலே கத்துற புள்ள அது. நீங்க சொன்னதக் கேட்டுட்டு, பத்துப் பன்னெண்டு நாளு, எறும்பு ஊசி வேணும், எனக்கு எறும்பு ஊசி வேணும்னு என்னைய விடல. அடுத்த பெட்டி வரட்டும்டின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."

ஐயாவின் கை நின்றது. அவள் அவர் பக்கம் திரும்பி, "குத்துங்கய்யா" என்றாள்.

குத்தி முடித்ததும் சேலைத் தலைப்பால் அந்த இடத்தைப் பொத்திக்கொண்டு போனாள். அவளை நிறுத்தி மற்றதையும் சொல்லிவிட வாய் திறந்தேன். "அக்கா" என்ற சொல் வந்தது. அவள் திரும்பவில்லை. கேட்கவில்லையா, கேட்டும் போனாளா, தெரியவில்லை.

அவளுக்குப் பின்னால் நின்றது பக்கத்துக் காம்பராச் சிறுமி. ஐந்து வயது இருக்கும். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு மேலாக எட்டி என்னைப் பார்த்தது.

"அக்கா, வலிக்குமா?"

"வலிக்கும்" என்றேன். "ரெண்டு நாளைக்கு வலிக்கும்."

அது உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கியது. தாய் என்னை முறைத்தாள். நான் பிள்ளையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.